வாலில்லாதவள்

முதலில் உன் குரல் மாறியது.
கொக்கரிப்பு போய்
தொண்டைக்குள் ஒரு பானை கொதித்தது.
கை நீட்டினால் இறகெல்லாம் சிலிர்த்து
நீ இரண்டு கோழியானாய்.
பிறவியிலேயே வால் இல்லாத உனக்கு
இவ்வளவு விரிப்பு எங்கிருந்து வந்ததோ.

நவம்பர். கெம்ச்சியில் மழை
விட்டும் விடாமலும்.
படகுத்துறைச் சாப்பாட்டுக் கடைக்கு
வாரம் நாலு டஜன் தருவதாக
முன்பணம் வாங்கி, அதில் கூரைக்கு ஆணியும் வாங்கியாயிற்று.
நீல ஓட்டைப் பார்த்தால்தான்
சாந்தியாகோக்காரர்களுக்குப் பசிக்கிறதாம்.
நீ கிடந்தால் உன்னைப் பார்த்து
மற்றவளுகளும் கிடப்பாளுக.
கொட்டாவி மாதிரிதான் இதுவும்.

முட்டையை எடுத்தேன்;
வைக்கோலை அடைகாத்தாய்.
வைக்கோலை எடுத்தேன்;
பலகையை அடைகாத்தாய்.
மறுநாள் எங்கிருந்தோ ஒரு மிதவையை உருட்டி வந்து
சால்மன் கம்பெனியின் பெயர் பொறித்த அந்தப் பிளாஸ்டிக்குக்கு
கண் செருகச் செருக
உடம்புச் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

"வாளியில் முக்கு" என்றான் ஆர்லிந்தோ,
பூட்ஸைக் கழற்றாமலே.
மூன்று தடவை முக்கினேன்.
மூன்று தடவையும் என்மேல் உதறிவிட்டு
ஈர வயிற்றோடு திரும்பிப் போனாய்.
பிறகு நண்டுக் கூடை.
உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன்,
கீழிருந்து காற்று ஏறி
அடிவயிறு குளிர்ந்தால் தெளியும் என்று.
மூன்றாம் நாள் இறக்கிவிட்டேன்.
தின்றாய். சாம்பலில் புரண்டாய்.
ஜெயித்தேன் என்று ஆர்லிந்தோவிடம் சொல்லி
வாய் மூடவில்லை,
பலகையிலிருந்து அந்தக் கொதி சத்தம்.

இதில் தாய்மை அது இது என்று
யாரும் பேச வேண்டாம்.
ரத்தத்தில் ஏறுகிற ஒரு பருவம்,
இறங்குகிற வரை இருக்கும்.
நானும் மூன்று பெற்றவள்தான்;
மிதவைமேல் உட்கார்ந்ததில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் எதுவிஹெஸ்.
ஒரு முழ நிலத்துக்காக
இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது.
அவளுடைய ஆறு சிவப்புக் கோழிகளும்
மிஷின் மாதிரி இடும், எழுந்து போய்விடும்.
அதுகளை உட்கார வைக்க
அவள் படாத பாடில்லை:
சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கினாள்,
பீங்கான் முட்டை வைத்தாள்,
நாயைக்கூடத் தூரத்தில் கட்டினாள்.
ஒன்று வந்து பார்த்தது,
பீங்கானுக்குப் பக்கத்தில் ஒன்று இட்டுவிட்டுப் போனது.

அன்றைக்கு வேலியோரம் வந்து
மழையிடம் சொல்வதுபோல் சொன்னாள்:
"உன்னிடம் ஒருத்தி கிடக்கிறாளாமே."
மடியில் கம்பளித் தொப்பி,
தொப்பிக்குள் பதினோரு முட்டை,
தால்காவேயிலிருந்து பஸ்ஸில்
மூச்சுவிடாமல் கொண்டுவந்தது.

பகலில் இடம் மாற்றினால் ஒப்பமாட்டாய்.
இருட்டிய பின் என் ஏப்ரனில் சுருட்டி
டார்ச் இல்லாமல் தூக்கிப்போனேன்.
வேலிக் கம்பியை அவள் காலால் அழுத்திப் பிடித்தாள்,
நான் தாண்டினேன்.
ஒவ்வொரு முட்டையாக உன் அடியில் தள்ளினோம்.
அலகால் இழுத்து, உருட்டி, அமர்த்தி,
இத்தனை நாளும் எங்கே போயிருந்தாய் என்பதுபோல்
என் விரலையும் ஒரு கொத்து.

இருபத்தொரு நாள்.
உன் நீலத்துக்குப் பதில் தினமும் வேலிக் கம்பத்தில்
ஒரு பழுப்பு முட்டை காத்திருந்தது.
கடைக்காரன் முகம் சுளித்தான்.
"நீலம் லீவில் இருக்கிறது" என்றேன்.
எட்டு பொரித்தது, இரண்டு கூமுட்டை,
ஒன்று ஓடு கீறியும் வெளியே வரவில்லை.
அதை எதுவிஹெஸ் தனியாகப் புதைத்தாள்,
அந்த ஒரு முழ நிலத்தில்.
நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

இன்று காலை கூட்டைத் திறந்தால்
அதே பலகை, அதே மிதவை.
மேலே உன் தங்கை,
இரண்டு கோழியளவு.

உத்தரத்தைப் பார்த்தேன்.
நண்டுக் கூடையை ஆர்லிந்தோ
கடலுக்கு எடுத்துப் போயிருந்தான்.
வேலி வரை நடந்துபோய்
தொண்டையைச் செருமிக்கொண்டேன்.